கம்பி விமானமும் அதன் எஞ்சினும்



வானொலியில் பேச வந்தவன், வானொலியை வேண்டாமென்று கழற்றி வைப்பது பற்றிப் பேசுவது சற்று முறையற்ற செயலாகத் தோன்றலாம். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அதுதான். வானொலி அலைகளால் ஆளப்படும் சிறு மாதிரி விமானங்களுக்கென்று செய்யப்பட்ட எஞ்சினை, இரண்டு கம்பிகளின் முனையில் கட்டுண்டு வித்தை காட்டும் விமானத்துக்கு ஏற்றதாக மாற்றியமைப்பது எப்படி என்பதைக் கூற விரும்புகிறேன்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். கலைப் பட்டம் பெற்றவன். தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிகிறேன். இப்பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதிகள் இரண்டே. கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இருந்தபோது கம்பி விமானம் பறக்கவிடக் கற்றுக்கொண்டேன் என்பது ஒன்று. பல்லாண்டுகளுக்குப் பின், என் மகனுக்காக அதே முயற்சியில் இறங்கி, பெரும் பிழை ஒன்றைச் செய்து, அதன் விளைவைக் கண்ணெதிரே கண்டேன் என்பது மற்றொன்று. இரண்டாவது தகுதியே பெரிது என்று நினைக்கிறேன்.

கம்பி விமானம் என்றால் என்னவென்று அறியாத நேயர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகச் சில சொற்கள். பறக்கவிடுபவர் மைதானத்தின் நடுவில் நிற்கிறார். அவர் கையில் ஒரு கைப்பிடி. அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் விமானத்தின் இறக்கை வரை செல்கின்றன. இறக்கைக்குள் ஒரு சிறு முக்கோணத் தகடு, ஓர் அச்சில் சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. கைப்பிடியை மேல்நோக்கிச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபட்டுத் தகடு திரும்பும். தகட்டோடு இணைந்த தண்டு வாலிலுள்ள மடிப்பை அசைக்கும். விமானம் மூக்கை உயர்த்தும். கீழ்நோக்கிச் சாய்த்தால் மூக்குத் தாழும். இவ்வளவே அமைப்பு. விமானம் நம்மைச் சுற்றி வட்டமிடும். நாமும் அதனோடு சுழல வேண்டும்.

இம்முறையை 1940ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் வாக்கர் என்பவர் ‘யூ-கண்ட்ரோல்’ என்ற பெயரில் பரப்பினார். பெட்ரோலும் பொறிக்கட்டையும் கொண்டு ஓடிய சிறு எஞ்சின்களுக்குப் பதிலாக, 1947இல் ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த ஒளிர்கட்டை எஞ்சின்களை எளிதாக்கியது. அதிலுள்ள பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருளை முதலில் ஒரு மின்கலத்தால் பழுக்கச் செய்தால் போதும்; எஞ்சின் ஓடத் தொடங்கியபின் மெதனாலின் எரிதலே அதைப் பழுத்த நிலையில் வைத்திருக்கும். மின்கலத்தைச் சுமந்து பறக்க வேண்டியதில்லை. ட்யூக் ஃபாக்ஸ் என்பவரின் தொழிற்கூடத்தில் உருவான 35ஆம் எண் எஞ்சினும், ஜார்ஜ் ஆல்ட்ரிச் வடிவமைத்த ‘நோப்ளர்’ விமானமும் 1950களில் இக்கலையில் புகழ் பெற்றன. அந்த எஞ்சினின் கொள்ளளவு 0.35 கன அங்குலம். நம் கணக்கில் ஏறத்தாழ 5.7 கன சென்டிமீட்டர்.

வளையம், தலைகீழ் வட்டம், சதுர வளையம், முக்கோண வளையம், படுக்கை எட்டு, நிமிர்ந்த எட்டு, தலைக்கு நேர்மேலே எட்டு, இறுதியில் நாலிலை வடிவம் என்று வரிசையாக வரையும் வித்தைப் பறத்தலுக்கு அனைத்துலகப் போட்டி விதிகள் உண்டு. தொடக்கம் முதல் தரையிறக்கம் வரை ஏழே நிமிடங்கள். கம்பியின் நீளம் 21.5 மீட்டருக்கு மிகக் கூடாது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2023ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் என் மகன் ஒரு வித்தை விமானம் கட்டத் தொடங்கினான். அப்போது ஒன்பதாம் வகுப்பு. பால்சா மரத்தை அறுத்து, இறக்கையின் விலாத் துண்டுகளை ஒவ்வொன்றாக இழைத்து, பட்டுத்தாள் ஒட்டி, வண்ணம் பூசி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. எங்கள் குடியிருப்பின் சிறிய வரவேற்பறையில் சோபாவுக்குப் பின்னால் அந்த இறக்கை நின்றுகொண்டிருந்தது. விருந்தினர் எவரும் அதை அறியாமல் சாய்ந்துவிடக் கூடாதென்று வீட்டில் எல்லோரும் காவல் காத்தோம்.

எஞ்சின் வேண்டியிருந்தது. வித்தைப் பறத்தலுக்கென்றே செய்த எஞ்சின்கள் இக்காலத்தில் எளிதில் கிடைப்பதில்லை. கடைகளில் இருப்பவை பெரும்பாலும் வானொலி விமானங்களுக்கு உரியவை. 6.5 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பழைய எஞ்சின் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். நல்ல எஞ்சின், உள்ளே தேய்மானம் இல்லை. அதன் கார்புரேட்டரில் ஓர் உருளை சுழன்று காற்றின் வழியைத் திறக்கும், மூடும். வானொலி விமானத்தில் அதை ஒரு சிறு மின்பொறி அசைக்கும். எங்களிடம் அது இல்லை. ஆகவே உருளையை முழுவதும் திறந்த நிலையில் வைத்து, ஒரு கம்பித் துண்டால் இறுகக் கட்டிவிட்டேன். “முழு விசையோடு ஓடட்டும், அதற்குமேல் என்ன வேண்டும்?” என்று மகனிடம் சொன்னேன்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்துக்குச் சென்றோம். நான்தான் கைப்பிடியைப் பிடித்தேன். விமானம் சீறிக்கொண்டு கிளம்பிற்று. மட்டமாகச் சுற்றியவரை குறையொன்றும் தெரியவில்லை. பழைய பழக்கம் கைக்கு வந்துவிட்டதென்ற மிதப்பில், மூக்கை நிமிர்த்தித் தலைக்கு மேலாக ஏற்றினேன். பாதி உயரத்தில் எஞ்சினின் குரல் மெலிந்தது. உச்சியை அடையுமுன் நின்றது. கையிலிருந்த இழுவை சட்டென்று காணாமற் போயிற்று. கம்பிகள் தொய்ந்து என் தோள்மீது விழுந்தன. நான் பின்னோக்கி ஓடியும் பயனில்லை. விமானம் தரையில் மோதிய ஓசையை இன்றும் மறக்க இயலவில்லை.

மகன் அழவில்லை. உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, “அப்பா, இனிமேல் வேண்டாம்” என்றான். வீடு வரும்வரை வேறொன்றும் பேசவில்லை. நான்கு மாத உழைப்பை நாலு நிமிடத்தில் அழித்தது என் அவசரம்தான் என்பதை அவனும் அறிவான், நானும் அறிவேன்.

எங்கள் அடுக்கில் கீழ்வீட்டில் இருப்பவர் இந்திய விமானப் படையில் எஞ்சின் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். திருநெல்வேலிப் பக்கத்தவர். எழுபதைக் கடந்தவர். உடைந்த விமானத்தைப் படிக்கட்டில் பார்த்துவிட்டு, எஞ்சினை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் மாலை என்னை அழைத்தார்.

“தம்பி, எஞ்சின்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்கிற வேலையைச் செய்து பழகியது இது. நீங்கள் இதனிடம் எதிர்பார்த்தது வேறு வேலை” என்றார்.

“எப்படி ஐயா?” என்றேன்.

“வானொலி விமானம் ஏறும்போது ஓட்டுபவன் விசையைக் கூட்டுவான், இறங்கும்போது குறைப்பான். இந்த உருளைதான் அதற்கு விரல். கம்பி விமானத்தில் அந்த விரல் கிடையாது. பறக்கும்போது எஞ்சினைத் தொட வழியே இல்லை. சுமை ஏறினால் தானே விசை கூட்டவும், சுமை இறங்கினால் தானே அடங்கவும் தெரிந்த எஞ்சின்தான் உங்களுக்கு வேண்டும். அதிக விசை வேண்டாம். சமயத்தில் வரும் விசை வேண்டும்.”

இப்பேச்சின் சாரம் முழுவதும் அவருடைய அந்தக் கடைசி வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. அதன் காரணத்தைச் சிறு கணக்கால் விளக்க முயல்கிறேன்.

எங்கள் கம்பியின் நீளம் 18 மீட்டர். ஒரு சுற்றின் தொலைவு 113 மீட்டர். ஒரு சுற்றுக்கு ஐந்து வினாடி என்றால் விமானத்தின் வேகம் வினாடிக்கு 22.6 மீட்டர்; அதாவது மணிக்கு 81 கிலோமீட்டர். இந்த வேகத்தில் விமானம் தன் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு விசையோடு கம்பியை இழுக்கும். 1.2 கிலோ எடையுள்ள விமானம் மூன்றரைக் கிலோ இழுவை தரும். அந்த இழுவைதான் நம் ஆணையைக் கம்பி வழியே கொண்டு செல்வது. இழுவை போனால் ஆணையும் போயிற்று. தலைக்கு நேர்மேலே விமானம் வரும்போது அதன் எடை நம்மை நோக்கிக் கீழே இழுப்பதால், கம்பியின் இழுவையில் அவ்வளவு குறைந்துவிடும். அவ்விடத்தில் வேகம் வினாடிக்கு 13.3 மீட்டருக்கு, அதாவது மணிக்கு 48 கிலோமீட்டருக்குத் தாழ்ந்தால் இழுவை முற்றிலும் இல்லாமற் போகும். எங்கள் விமானத்துக்கு நேர்ந்தது அதுவே.

எஞ்சின் ஏன் நின்றது? வானொலி எஞ்சினின் காற்றுத் துளை அகலமானது. மிகுந்த காற்றை உள்ளிழுத்து மிகுந்த விசை தருவதற்காக அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஆனால் துளை அகலமானால் காற்று மெதுவாகச் செல்லும். மெதுவாகச் செல்லும் காற்று எரிபொருளை உறிஞ்சும் வலிமையும் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட, புகைக்குழாயின் அழுத்தத்தைச் சிறு குழாயால் எரிபொருள் தொட்டிக்குக் கொண்டுசென்று எரிபொருளைத் தள்ளுவார்கள். நான் அதையும் இணைக்கவில்லை. விமானம் செங்குத்தாக ஏறும்போது தொட்டி எஞ்சினுக்குக் கீழே தொங்குகிறது. எரிபொருள் ஒரு சாண் உயரம் ஏறிவர வேண்டும். உறிஞ்ச வலிமையில்லாத எஞ்சின் வறண்டு நின்றுவிட்டது.

அப்படியானால் அழுத்தக் குழாயை இணைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நின்றுபோகும் குறை தீரலாம். ஆனால் வேறொன்று வரும். முழு விசையில் ஓடும் வானொலி எஞ்சின் வித்தையின்போது ஒருமுறை வெறிகொண்டுவிட்டால் மீண்டும் அடங்காது. வளையத்துக்கு வளையம் வேகம் ஏறும். இழுவை கூடிக் கைகள் நடுங்கும். ஆகவே மாற்றியமைப்பதன் நோக்கம் எஞ்சினை ஊக்குவதன்று, அதை நிதானப்படுத்துவதே.

பெரியவரின் மேற்பார்வையில் நாங்கள் செய்த வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். செய்ய விரும்புவோர் குறித்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, கார்புரேட்டரை முழுவதுமாகக் கழற்றுவது. அதை எறிந்துவிடாமல் ஒரு சிறு டப்பாவில் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்த வேண்டும். என்றாவது ஒருநாள் அந்த எஞ்சின் மறுபடியும் வானொலி விமானத்துக்குச் செல்ல நேரலாம். மாற்றம் எதுவாயினும் மீளக்கூடியதாக இருப்பது நல்லது.

இரண்டாவது, கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த குழிக்குப் பொருந்தும்படி அலுமினியத்தில் ஒரு குழல் கடைவது. இதை வெஞ்சுரி என்பார்கள். மேல்வாய் புனல்போல் விரிந்தும், இடை குறுகியும் இருக்கும். வெர்னியர் அளவுகோலால் பழைய கார்புரேட்டரின் கழுத்தை அளந்து, கடைசல் பட்டறையில் கொடுத்தோம். இடையின் குறுக்கே ஒரு துளையிட்டு, 4 மில்லிமீட்டர் பருமனுள்ள பித்தளைக் குழாயைச் செருக வேண்டும். எரிபொருள் அந்தக் குழாய் வழியே வந்து, அதிலுள்ள சிறு துளையால் காற்றில் கலக்கும். அத்துளை எஞ்சினை நோக்கிக் கீழ்முகமாக இருக்க வேண்டும். குழாயின் ஒரு முனையில் திருகி ஏற்றி இறக்கக்கூடிய ஊசி, எரிபொருளின் அளவை வரையறுக்கும்.

இங்கே ஒரு சிறு நிகழ்ச்சி. தொழிலால் மொழிபெயர்ப்பாளனாகையால், “இதனை ஊசித் தடுக்கிதழ் எனலாம்” என்று மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் சிரித்துவிட்டார். “பட்டறையில் போய் அப்படிக் கேட்டால் ஒருவனும் எடுத்துத் தரமாட்டான். ஊசி என்றால் போதும்” என்றார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அது ஊசிதான்.

வெஞ்சுரியின் உள்விட்டம் எவ்வளவு என்பதே இவ்வேலையின் உயிர்நிலை. துளையின் அளவை மட்டும் பார்த்துப் பயனில்லை. குறுக்கே நிற்கும் குழாய் மறைக்கும் இடத்தைக் கழித்து, மீதியையே கணக்கில் கொள்ள வேண்டும். துளையின் விட்டம் 7 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 38.5 சதுர மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் குழாய் அதில் 26.4 சதுர மில்லிமீட்டரை அடைத்துக்கொள்ளும். காற்றுக்கு எஞ்சுவது 12 சதுர மில்லிமீட்டர். துளையை 8 மில்லிமீட்டராக்கினால் எஞ்சும் வழி 19.7 சதுர மில்லிமீட்டர் ஆகிவிடும். ஒரே மில்லிமீட்டர் வேறுபாட்டில் காற்றின் வழி ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. ஆகையால் சிறிய துளையில் தொடங்கி, கால் மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டராகப் பெருக்கிப் பார்ப்பதே அறிவுடைமை. பெருக்கிய துளையைச் சிறிதாக்க முடியாது. எங்கள் எஞ்சினுக்கு 7 மில்லிமீட்டரே பொருந்திற்று.

மூன்றாவது, காற்றுக் கசிவைத் தடுப்பது. வெஞ்சுரி உட்காரும் இடத்தில் ரப்பர் வளையம் ஒன்றும், எஞ்சினின் பின்மூடியில் நல்ல தாள் அடைப்பும் வேண்டும். மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் எஞ்சினின் ஓட்டம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். ஊசியை எத்தனை முறை திருகினாலும் பிடிபடாது.

நான்காவது, சிலிண்டர் தலைக்கடியில் மெல்லிய தகட்டு வளையம் ஒன்றைக் கூடுதலாக வைத்து அமுக்கத்தைச் சற்றுக் குறைப்பது. ஏறிய எஞ்சின் மீண்டும் அடங்குவதற்கு இது உதவுகிறது.

ஐந்தாவது, எரிபொருள் தொட்டி. அதன் நடுமட்டம் வெஞ்சுரியின் குறுக்குக் குழாயோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வித்தையில் ஒரு வளையத்தைச் சுற்றும்போது எரிபொருள் தன் எடையைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு அழுத்தத்தோடு தொட்டியின் அடியில் அழுந்துகிறது. ஆகவே தொட்டி 3 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலும் அது 21 மில்லிமீட்டர் உயர்ந்ததற்குச் சமமாகிவிடும். இதைச் சரிபார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. விமானத்தை நேராகச் சில சுற்றும், தலைகீழாகச் சில சுற்றும் விட்டு, சுற்றின் நேரத்தை அளந்து பாருங்கள். தலைகீழாகச் செல்லும்போது வேகம் கூடினால் தொட்டியைத் தாழ்த்த வேண்டும். நேராகச் செல்லும்போது கூடினால் உயர்த்த வேண்டும். இரண்டும் ஒன்றாகும்வரை அட்டைத் துண்டுகளை வைத்துச் சரிசெய்யலாம்.

ஆறாவது, விசிறி. 10 அங்குல விட்டமும் 6 அங்குல ஏற்றமும் உள்ள மர விசிறியைத் தேர்ந்தோம். 6 அங்குல ஏற்றம் என்றால் ஒரு சுற்றுக்குக் கணக்கின்படி 15 சென்டிமீட்டர் முன்னேறும் என்பது பொருள். நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 23 மீட்டர். நமக்கு வேண்டிய வேகமும் அதுதான். இறக்கத்தில் விமானம் அளவுமீறி விரைய முயலும்போது இதே விசிறி தடையாகவும் நிற்கும்.

எரிபொருளில் பெரும்பகுதி மெதனால்; நைட்ரோமீத்தேன் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து; எண்ணெய் இருபதுக்குக் குறையாமல். அந்த எண்ணெயில் நல்ல பங்கு நம் விளக்கெண்ணெயாக இருப்பது எஞ்சினுக்கு நலம். அது கடும் வெப்பத்திலும் உலோகத்தை விட்டு விலகாமல் காக்கும். வீட்டில் குழந்தைகளுக்குப் புகட்டிய எண்ணெயை அப்படியே ஊற்றிவிடக் கூடாது. பசை நீக்கித் தூய்மை செய்த வகையே ஏற்றது. உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் நாடு நம் நாடு. அதிலும் குஜராத் முதலிடம் பெறுகிறது. குஜராத்தில் வாழும் நேயர்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

எல்லாம் பொருத்தியபின் ஊசியைத் திருத்தும் கலை ஒன்று உண்டு. எரிபொருள் சற்று மிகுதியாகச் செல்லும்படி ஊசியைத் திறந்து வைக்க வேண்டும். அந்நிலையில் எஞ்சின் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று வெடிக்கும். குரல் கரகரத்து ஒலிக்கும். மட்டமாகப் பறக்கும்போது இதுவே போதும். மூக்கு நிமிர்ந்து சுமை ஏறியதும் உருளையின் வெப்பம் கூடி, சுற்றுக்குச் சுற்று வெடிக்கத் தொடங்கும். குரல் கூர்மையாகி விசை பெருகும். சுமை நீங்கியதும் பழைய கரகரப்புக்குத் திரும்பும். அந்த மாற்றத்தைக் காதால் கேட்டே திருத்த வேண்டும். புதிய வகை எஞ்சின்களில் சில இவ்வாறு மாறி மாறி ஓட இசைவதில்லை. அவற்றை ஏற்றம் குறைந்த விசிறியோடு, ஈரமான ஒரே சீர் ஓட்டத்தில் விடுவார்கள். இரண்டிலும் கருத்து ஒன்றுதான்.

அபாயங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஃகுக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகள் செல்லும் இடத்துக்கு அருகில் ஒருபோதும் பறக்கவிடாதீர்கள். இடி மின்னல் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். கைப்பிடியை மணிக்கட்டோடு வாரால் பிணைத்துக்கொள்ளுங்கள். கை நழுவினால் விமானம் கூட்டத்துக்குள் பாயும். ஒவ்வொரு நாளும் பறக்கவிடுமுன், விமானத்தின் எடையைப்போல் பத்து மடங்கு இழுத்துக் கம்பியைச் சோதியுங்கள். எங்கள் விமானத்துக்கு அது 12 கிலோ. பயணப் பெட்டியை எடைபோடும் வில் தராசு போதும். மெதனால் கொடிய நஞ்சு. கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். தோல் வழியாகவும் உடலில் சேரும். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. பெயர் எழுதி, பூட்டி வையுங்கள்.

பெரியவர் எஞ்சினைத் திருத்திக்கொண்டிருந்த நாட்களில் என் மகன் முதலில் கீழ்வீட்டுப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் எட்டிப் பார்த்தான். “வா பேராண்டி, இந்த அரத்தைப் பிடி” என்றார் அவர். அன்றிலிருந்து பள்ளி விட்டதும் அங்கேதான். அரம், சாணை, கடைசல், இழைப்புளி, குறடு என்று தில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளை அறியாத சொற்கள் பல அவன் வாயில் வரத் தொடங்கின. நான் எத்தனையோ முறை தமிழ்ப் புத்தகத்தை எடுத்து வைத்து அமர்த்தியும் ஏறாத சொற்கள், கையில் கருவியோடு வந்தபோது தாமே ஏறிக்கொண்டன. உடைந்த இறக்கையின் விலாத் துண்டுகளில் பாதியை மீட்டு, மீதியைப் புதிதாக வெட்டி, டிசம்பர், ஜனவரி இரு மாதக் குளிரில் விமானத்தை மறுபடியும் கட்டி முடித்தான்.

2024 பிப்ரவரியில் மீண்டும் அதே மைதானம். இம்முறை பெரியவரும் வந்தார். நான் கைப்பிடியை எடுத்துக்கொள்ளப் போனேன். “தம்பி, நீங்கள் போய் விமானத்தைப் பிடியுங்கள். கட்டியவன் பறக்கவிடட்டும்” என்றார். மகன் என்னைப் பார்த்தான். மாணவர் படைக் காலத்துப் பழைய பயிற்சி விமானம் ஒன்றைக் கொண்டு அவனுக்கு மட்டமாகச் சுற்றவும், ஒற்றை வளையம் போடவும் கற்பித்திருந்தேன். அதற்குமேல் அவன் அறியான். கைப்பிடியைக் கொடுத்துவிட்டு விலகினேன்.

எஞ்சின் கரகரத்துக்கொண்டு ஓடிற்று. முன்னைப்போல் சீறவில்லை. சொல்லப்போனால், சற்றுச் சோம்பலாகவே தோன்றிற்று. ஐந்தாறு சுற்றுக்குப்பின் அவன் மூக்கை நிமிர்த்தினான். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். சென்ற முறை குரல் மெலிந்த அதே உயரத்தில் இம்முறை குரல் கூர்மையாயிற்று. தலைக்கு மேலே கம்பிகள் விறைப்பாக நின்றன. மறுபுறம் இறங்கும்போது மறுபடியும் கரகரப்பு. “தாத்தா, கேட்டீர்களா!” என்று கைப்பிடியைப் பிடித்தபடியே அவன் கூவினான். பெரியவர் தலையை மட்டும் அசைத்தார். எரிபொருள் தீரும்வரை அவன் மூன்று வளையங்கள் போட்டான். மூன்றும் கோணலானவை. விமானம் முழுதாகத் தரையிறங்கிற்று.

இன்று உலகப் போட்டிகளில் முன்னணியில் இருப்பவர் பலர் மின்மோட்டாருக்கு மாறிவிட்டனர். ஏற்றத்தில் விசை கூட்டுவதையும் இறக்கத்தில் குறைப்பதையும் ஒரு மின்னணுச் சில்லு பார்த்துக்கொள்கிறது. சத்தமும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. அது சிறந்த வழிதான். வசதியுள்ளவர்கள் அதை மேற்கொள்ளலாம். ஆனால் வீட்டு மூலையில் ஒரு பழைய வானொலி எஞ்சின் தூங்கிக்கொண்டிருந்தால், அதை விற்க வேண்டியதில்லை. தூக்கி எறியவும் வேண்டியதில்லை. ஓர் அலுமினியத் துண்டும், ஒரு கடைசல்காரரின் அரை மணி நேரமும், சிறிது பொறுமையும் போதும்.

நான் முதலில் அந்த எஞ்சினுக்கு மறுத்தது பொறுமையைத்தான். முழு விசையையும் திறந்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று எண்ணினேன். வேறொரு வேலைக்காகப் பிறந்த பொருளைப் புதிய வேலைக்கு அமர்த்தும்போது, அந்த வேலை என்ன கேட்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பின்னர்தான் கற்றேன்.

நேயர்களே, நீங்கள் போபாலில் இருக்கலாம், ராஞ்சியில் இருக்கலாம், மும்பையிலோ கொல்கத்தாவிலோ இருக்கலாம். உங்கள் அடுக்கிலும் கைத்தொழில் அறிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருப்பார். உங்கள் வீட்டிலும் ஏதேனும் செய்ய வேண்டுமென்று துடிக்கும் பிள்ளை இருக்கும். அவர்கள் இருவரையும் ஒரே மேசையின் எதிரெதிரே உட்காரவைக்க ஒரு பழைய எஞ்சின் உதவுமானால், அதைவிட நல்ல பயன் அதற்கு வேண்டுமா?

கார்புரேட்டரை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.